சத்தம் வெட்டின இடம்

எழுந்து போய்விட வேண்டியதுதான். படம் ஆரம்பித்துக் கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது, அதற்குள் அந்தப் பொம்பளை வாயைத் திறக்கிறபோதெல்லாம் சாக்கடை. இட்லிக் கடைக்காரியாம். மாவு அள்ளி ஊற்றுகிற கை ஒரு பக்கம், வசவு அள்ளி ஊற்றுகிற வாய் ஒரு பக்கம். இன்னொரு கரண்டி சட்னி கேட்டவனுக்கு ஒன்று, சைக்கிளைக் குறுக்கே நிறுத்தினவனுக்கு ஒன்று, பெற்ற மகனைக் காலையில் எழுப்பும்போதே ஒன்று. பின்னால் உட்கார்ந்திருந்த பையன்கள் சிரித்தார்கள். சிரிக்க என்ன இருக்கிறது. காளியண்ணன் இரண்டு கைப்பிடியையும் அழுத்திப் பிடித்து முழங்காலுக்குச் சொல்லிப் பார்த்தார், எழு என்று. முழங்கால் கேட்கவில்லை. எழுபத்து மூன்று வயது முழங்கால், மெத்தை நாற்காலி, ஏசிக் குளிர். வெளியே போனால் நாமக்கல் மத்தியான வெயில் கோட்டைப் பாறையைச் சுட்டு, அந்தச் சூட்டையும் சேர்த்து ஊர் தலையில் கொட்டிக்கொண்டிருக்கும். நாலு மணிவரை எங்கே போவது. ஆஸ்பத்திரி அந்தப் பக்கம், தியேட்டர் இந்தப் பக்கம், நடுவில் ரோடு, அவ்வளவுதான். நாலு மணிக்கு மேல்தான் பார்க்க விடுவோம் பெரியவரே, போய்ச் சாப்பிட்டு வாங்க என்று வாட்ச்மேன் அனுப்பிவிட்டான். நாலு மணிக்குத்தான் விடுவார்கள் என்று தெரியாதா. தெரியும். உள்ளே கிடக்கிற செங்கோடனுடைய மகள் வசந்தாமணி போனில் சொல்லியிருந்தாள். தெரிந்தும் காலை பஸ்ஸுக்கே கிளம்பினார், ஏனென்றால் மத்தியான பஸ் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தால் கிளம்பியே இருக்கமாட்டார். பாவாயிக்கு அது தெரியும். கோயிலுக்குப் போவதாகச் சொல்லி வீட்டைப் பூட்டி, சாவியை அவர் கையில் திணித்துவிட்டு, “பேசலீன்னாப் போவுது. மூஞ்சியக் காட்டிட்டு வாங்” என்றாள். நாற்பத்தெட்டு வருசம் கூட வாழ்ந்த சம்சாரத்துக்கு அவ்வளவு போதும். சாவி சட்டைப்பையில் போட்டால் கனக்கிறது என்று கையிலேயே வைத்திருந்தார். இரும்புச் சாவி. உள்ளங்கை வேர்வையில் அது மட்டும் குளிராமல் சூடாக இருந்தது.

முழுசாகப் பேசவிட்டாலும் பரவாயில்லை. சின்ன வசவையெல்லாம் விட்டுவிட்டு, பெரிய வசவு வருகிற இடத்தில் மட்டும் சென்சாரில் சத்தத்தை வெட்டியிருந்தார்கள். வெட்டினால் மறைந்துவிடுமா. அவள் உதடு அசைகிறது, தியேட்டரே ஒரு நொடி செவிடாகிறது, அந்த நொடியில் பின்வரிசைப் பையன்கள் அந்த வார்த்தையைக் கோரஸாகச் சொல்லி நிரப்புகிறார்கள். பள்ளிக்கூடத்தில் கோடிட்ட இடத்தை நிரப்புக என்று கொடுப்பார்களே, அதைப் போல. சர்க்காரே வினாத்தாள் கொடுத்த மாதிரி. அதுவும் எந்த வார்த்தை. அந்த வார்த்தைதான். தாயைச் சேர்த்துச் சொல்கிற அந்த வார்த்தை. உலகத்தில் வசவுக்கா பஞ்சம், இவர்களுக்கு வெட்டுவதற்கும் அதுதான் கிடைத்தது, நிரப்புவதற்கும் அதுதான். காளியண்ணன் வாயிலிருந்து இதுநாள்வரை வந்த ஆகப் பெரிய வசவு ‘கெரகம்’. பஸ் வரவில்லையா, கெரகம். வெல்டிங் பிளந்துகொண்டதா, கெரகம். மகன் ஜாதகம் பொருந்தவில்லையா, கெரகம். பட்டறையில் இருபது பேருக்கு ஃபோர்மேனாக இருந்தபோதும் அதற்குமேல் போனதில்லை, அதற்கே ஆட்கள் நடுங்கினார்கள். வீட்டு நிலைவாசலுக்குள் அந்த வார்த்தை வரக்கூடாது. யார் சொன்னாலும் சரி. டிவியில் வந்தால் அணைத்துவிடுவார். ஏன் என்று யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. இதையெல்லாம் சொல்லிக்கொண்டா இருப்பார்கள். சின்ன வயசில் அப்பாவுடைய பெல்ட் ஆணியில் தொங்கும். முதலில் அந்த வார்த்தை வரும், அப்புறம் ஆணியிலிருந்து பெல்ட் உருவுகிற சத்தம், அப்புறம் அம்மா. இந்த வரிசை மாறியதே இல்லை. வார்த்தை கேட்டவுடன் கை தானாகத் தலைக்கு மேலே போகும், தனக்கு விழாத அடிக்கும். இப்போதுகூட, எழுபத்து மூன்று வயதில், இட்லிக்காரி வாயசைத்து அந்தப் பையன்கள் நிரப்பினார்களே, வலது கை கைப்பிடியை விட்டு ஒரு விரற்கடை மேலே எழும்பியது. காளியண்ணன் அதைப் பிடித்து மடியில் அமுக்கி வைத்தார். பக்கத்து நாற்காலியில் காக்கிச் சட்டை போட்ட ஆள் திரும்பிப் பார்த்தான். லாரி டிரைவராக இருக்கவேண்டும், டீசல் வாசம். காளியண்ணன் முன்னால் பார்த்தார். பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும்.

அந்த வார்த்தை ஒன்றுதான் செங்கோடனுக்கு மிச்சம் என்று வசந்தாமணி சொன்னாள். அப்படிச் சொல்லவில்லை, சொல்லமாட்டாமல் சொன்னாள். “மாமா, அப்பாவுக்கு பேச்சு போயிருச்சுங் மாமா. வலது கை கால் வராதுங். வாயில ஒண்ணே ஒண்ணுதான் வருது. அது... அவரு எப்பவும் சொல்றதுதானுங்.” தண்ணீர் வேண்டுமென்றாலும் அதுவாம், வலித்தாலும் அதுவாம், ஊசி போட வந்தாலும் அதுவாம். ஒன்றும் வேண்டாதபோதும் விட்டத்தைப் பார்த்து அதையே கூப்பாடு போடுகிறாராம், விட்டு விட்டு. நர்சுகள் முகம் சுளிக்கிறார்களாம், பக்கத்து ரூம்காரர்கள் ஆபீசில் போய்ச் சொல்லிவிட்டார்களாம், வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள் என்கிற பேச்சு வந்துவிட்டதாம். மூளையில் பேச்சு இருக்கிற இடம் வேறு, வசவு இருக்கிற இடம் வேறு, பேச்சு இருந்த இடம் போய்விட்டது, இது தப்பித்துவிட்டது என்று டாக்டர் படம் வரைந்து காட்டினாராம். இன்னொரு தடவை வந்தால் தாங்காது என்றும் சொன்னாராம். “வந்தா ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங் மாமா. உங்களப் பாத்தும் அதைத்தான் சொல்லுவாரு.” அவளுக்கு அதுதான் கவலை. அப்பன் சாகக்கிடப்பதைவிட, இந்த மனுசன் வந்து நின்று, அப்பன் அதைச் சொல்லி, இந்த மனுசன் மறுபடியும் திரும்பிப் போய்விட்டால் என்ன செய்வது என்கிற கவலை. நியாயமான கவலைதான். காளியண்ணனுக்கும் அதே கவலை. அவன் சொல்வான், முகம் தானாகச் சுளிக்கும், கை தானாக மேலே எழும்பும், அவன் பார்ப்பான். பேச்சு போனவனுக்குக் கண்ணா போய்விட்டது. பார்ப்பான். பார்த்துவிட்டுச் செத்துப்போவான். கெரகம். திரையில் இட்லிக்காரி மகனுடைய பாயின் ஓரத்தை எட்டி உதைத்து எழுப்பிக்கொண்டிருந்தாள், உதடு அசைந்தது, செவிடு. மகன் கண்ணைத் திறக்காமல், இன்னும் அஞ்சு நிமிசம்மா என்றான். காளியண்ணன் துண்டை எடுத்துக் கழுத்தைச் சுற்றிக்கொண்டார். ஏசிதான். இந்தக் குளிரில் யாருக்குத்தான் தொண்டை கட்டாது.

தப்பு அவன் பேரில்தான். அதில் இரண்டாவது பேச்சு இல்லை. காளியண்ணன் மகளுக்கு அன்றைக்கு நிச்சயம். மாப்பிள்ளை வீட்டில் அப்பா தலைமையாசிரியர், அம்மா டீச்சர், வந்தவர்கள் எல்லாம் வெள்ளையும் சொள்ளையுமாக ஜமுக்காளத்தில் உட்கார்ந்து தட்டு மாற்றுகிற நேரம். செங்கோடன் பந்தல் வாசலில் வந்து நின்றான். மலையாட்டம் உடம்பு, புதுச் சட்டை, வலது காதில் வழக்கம்போலப் பீடி. அவன் பொண்ணுக்கு நிச்சயம் மாதிரி மூஞ்சியெல்லாம் பல். அங்கிருந்தே, அத்தனை தலைக்கும் மேலே, காளியண்ணனை அந்த வார்த்தை சொல்லிக் கூப்பிட்டான். டேய் என்று ஆரம்பித்து அந்த வார்த்தை. கூட ஒரு சிரிப்பு. டீச்சரம்மா பூத்தட்டை அப்படியே பிடித்திருந்தாள், தலைமையாசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். காளியண்ணன் எழுந்து போய், அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னார். “வாயக் கழுவிட்டு வா. இல்லீன்னா இந்த வாசலுக்கு வராத.” செங்கோடன் சிரிப்பு உடனே போகவில்லை. அதுதான் இன்னும் கண்ணில் நிற்கிறது. சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே உள்ளே ஆள் போய்விட்டான். பந்தியில் உட்காரவில்லை. கை நனைக்காமல் போனான். அப்புறம் கல்யாணத்துக்கு வரவில்லை, பேரன் மொட்டைக்கு வரவில்லை, அவன் சம்சாரம் இறந்தபோது இவர் போய்ச் சுடுகாட்டில் ஓரமாக நின்றுவிட்டு வந்தார். பத்துப் பன்னிரண்டு வருசம் ஆயிற்று. தப்பு அவன் பேரில்தான். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, பட்டறை மதில் ஓரமாக உட்கார்ந்து டீ குடிக்கும்போது, செங்கோடா, அந்த வார்த்தை வேண்டாம், எங்கப்பன் என்று ஆரம்பித்திருந்தால். ஆரம்பித்தால் முடித்திருக்கவேண்டும். பெல்ட், ஆணி, அம்மா எல்லாம் வரும். அவன் என்ன செய்திருப்பான். அழுதிருப்பான், மடையன். அதற்குப் பயந்தே சொல்லவில்லை. நாற்பது வருசம் சேர்ந்து இரும்பு அடித்தவனிடம் சொல்லாததைப் பந்தல் வாசலில் வேறு மாதிரி சொல்லியாயிற்று.

இடைவேளை விட்டார்கள். இதுதான் சமயம். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தபோது காக்கிச் சட்டை சொன்னான், “என்னுங் பெரியவரே, கெட்ட வார்த்தை ஜாஸ்தியா இருக்குதுன்னு போறீங்ளா? நான் லாரி ஓட்றவன், எனக்கே காது கூசுது.” காளியண்ணன் செருப்பைத் தேடிக் காலை நுழைத்தார். “இதெல்லாம் பாத்தா நாளைக்கு நானே கெட்டுப் போயிருவனாட்டம் இருக்குது” என்று அவன் தானே சிரித்துக்கொண்டான். சிரிப்பு வராமல் இருக்க காளியண்ணன் மீசையைத் தடவிக்கொண்டார். வெளியே வந்து டீ வாங்கினார். கொதிக்கிற டீயை ஊதாமல் குடித்தார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ரோடு வெள்ளையாக எரிந்தது. அதற்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி, மூன்று மாடி, வரிசையாகச் சன்னல். மேல்மாடியில் கடைசி ரூம் என்று வசந்தாமணி சொல்லியிருந்தாள். கடைசிச் சன்னலுக்குத் திரை போட்டிருந்தது. அந்தத் திரைக்குப் பின்னால் இப்போது சொல்லிக்கொண்டிருப்பான். விட்டு விட்டு. வசந்தாமணி வாயைப் பொத்திக்கொண்டிருப்பாள், அவள் வாயையோ அவன் வாயையோ. இந்த ரோட்டைக் கடக்க எவ்வளவு நேரம். நாலு மணி ஆகவில்லையே. ஆகியிருந்தால் மட்டும். இப்படியே பஸ் ஸ்டாண்டுக்குப் போனால் ஐந்துக்குள் வீடு. நர்சுகள் விடவில்லை என்று சொன்னால் பாவாயி நம்பமாட்டாள், ஆனால் ஒன்றும் கேட்கமாட்டாள். ராத்திரி சோறு போடும்போது ஒரு கரண்டி குறைத்துப் போடுவாள், அவ்வளவுதான். மணி அடித்தார்கள். கூட்டம் உள்ளே போனது. காலும் அதனோடு உள்ளே போனது. இட்லிக்காரி மகனை இடைவேளைக்கு முன்னால் போலீஸ் பிடித்துக்கொண்டு போனார்களே, அது என்ன ஆயிற்று என்று பார்க்கலாம் என்றுதான். வேறொன்றும் இல்லை. இந்தப் படத்தை எடுத்தவனை நிற்க வைத்துக் கேட்கவேண்டும், கதை நன்றாக இருக்கிறதே, அப்புறம் எதற்கடா இந்தப் பேச்சு என்று.

விளக்கு அணைந்ததும் இருட்டு முன்னைவிடக் கெட்டியாக இருந்தது. தலைக்குப் பின்னால் ஒரு ஓட்டை, அதிலிருந்து ஒரு வெளிச்சக் குழல், அதில் தூசி. டேங்க்குக்குள் இப்படித்தான் இருக்கும். லாரியில் ஏற்றுகிற டேங்க், பட்டறையில் புதுசும் செய்வார்கள், பழசும் ரிப்பேருக்கு வரும். மேலே ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு வாய், அதன் வழியாக இறங்கினால் உள்ளே கும்மிருட்டு, மேலே தட்டு மாதிரி வெளிச்சம். ஒல்லியானவன் உள்ளே, பெருத்தவன் வெளியே. காளியண்ணன் ஒல்லி, செங்கோடனுடைய தோள் அந்த வாயில் நுழையாது. வெளியே இருக்கிறவன் வேலை கூப்பிடுவது. ஒரு பீடி குடிக்கிற நேரத்துக்கு ஒரு தடவை வாயில் முகத்தை வைத்துக் கூப்பிடவேண்டும். உள்ளே இருப்பவன் பதிலுக்குப் பேசக்கூடாது, பேசினால் உள்ளே எதிரொலித்துக் காதைப் பிளக்கும், வெளியே ஒன்றும் விளங்காது. சுத்தியால் தகட்டில் இரண்டு தட்டு. இருக்கிறேன் என்று அர்த்தம். தட்டைக் கேட்டால் வெளியே இருப்பவனுக்கு நிம்மதி. செங்கோடன் காதிலிருந்து பீடியை எடுத்து உதட்டில் வைத்துக்கொள்வான். பற்ற வைக்கமாட்டான், டேங்க் பக்கத்தில் நெருப்பு ஆகாது, சும்மா நுனியைக் கடித்துக்கொண்டு அடுத்த தடவை கூப்பிடுகிறவரைக்கும் உட்கார்ந்திருப்பான். மற்ற ஜோடிகள் ஓய் என்று கூப்பிடும், பேர் சொல்லிக் கூப்பிடும். செங்கோடன் அந்த வார்த்தை சொல்லித்தான் கூப்பிடுவான். டேங்க்குக்குள் அது நாலு பக்கமும் முட்டி, பத்து அப்பன்கள் சேர்ந்து திட்டுகிற மாதிரி இறங்கும். ஒவ்வொரு தடவையும் கை தலைக்கு மேலே எழும்பும். இருட்டில் யார் பார்த்தார்கள். எழும்பின கையை இறக்கி அதே கையால் இரண்டு தட்டு.

அன்றைக்கு அவசரம். பெயிண்டில் கலக்கிற தின்னர் ஏற்றின டேங்க், உள்ளே தங்கின ஆவி ஆளைச் சாய்த்துவிடும், திறந்து போட்டு ஒரு நாள் முழுக்கக் காற்றாடவிட்டு அப்புறம்தான் இறங்கவேண்டும். ஆகாது, காயட்டும் என்று செங்கோடன் சொன்னான். காய்ந்தது போதும், எனக்கு வேலை இருக்கிறது என்று இவர் இறங்கினார். எப்போதும் அவசரம், எதற்கென்று தெரியாத அவசரம். இறங்கிச் சுரண்ட ஆரம்பித்ததுதான் தெரியும். மேலே இருந்த வெளிச்சத் தட்டு சின்னதாகி, பொத்தானாகி, போய்விட்டது. அப்புறம் பயமில்லை, வலியில்லை, குளுகுளுவென்று இருந்தது, நிஜமாகவே இந்த ஏசி மாதிரி. அந்தக் குளிருக்குள் தூரத்திலிருந்து அந்த வார்த்தை வந்தது. மறுபடியும் வந்தது. கிட்டே வந்தது. நாலு பக்கமும் முட்டிக்கொண்டு வந்தது. அப்பன் வந்துவிட்டான், பெல்ட்டை எடுத்துவிட்டான் என்று கை தலைக்கு மேலே போனது. கையில் சுத்தி இருந்தது. சுத்தி போய்த் தகட்டில் மோதியது. ணங்கென்றது. அந்தச் சத்தத்தில்தான் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்தது. இது அப்பன் இல்லை, செங்கோடன். இரண்டாவது தட்டை அவராகத் தட்டினார். வெளியே எடுத்துப் படுக்கப் போட்ட பிறகு ஆட்கள் சொன்னார்கள், செங்கோடன் காற்று டியூபை டேங்க் வாயில் செருகிவிட்டு, தோள் நுழையாத அந்த வாயில் தலையை மட்டும் நுழைத்துக்கொண்டு, தட்டு கேட்கிறவரைக்கும் விடாமல் கூப்பிட்டானாம். கழுத்தைச் சுற்றித் தகடு அறுத்து ரத்தம். தொண்டை கட்டிப் பல நாள் பேச்சில்லை. முதல் தட்டு பயத்தில் விழுந்தது என்பது அவனுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. எந்த வார்த்தைக்குப் பயந்து கை எழும்பியதோ, அந்தக் கை எழும்பியதால்தான் உயிர் இருக்கிறது. இதை எப்படி எடுத்து, எந்தப் பக்கம் வைப்பது. இத்தனை வருசமாக ராத்திரியில் இதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, ஒரு பக்கமும் நிற்காமல், கெரகம் என்று திரும்பிப் படுத்திருக்கிறார்.

திரையில் ஒரு வண்டி வந்து நின்றது. வெள்ளைத் துணியில் சுற்றிய ஒன்றை இறக்கினார்கள். யார் என்று சொல்லத் தேவையில்லை. இட்லிக்காரி அடுப்பிலிருந்து எழுந்து வந்தாள், கையெல்லாம் மாவு. சுற்றி இருந்த பொம்பளைகள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். அவள் அழவில்லை. திட்டவும் இல்லை. படம் முழுக்க மூடாத வாய் மூடியிருந்தது. மகனை அவனுடைய பாயிலேயே கிடத்தச் சொல்லிச் சைகை காட்டினாள். கிடத்தினார்கள். அவள் பக்கத்தில் வந்து நின்று, பாயின் ஓரத்தைக் காலால் ஒரு தள்ளு தள்ளினாள், காலையில் தள்ளுகிற மாதிரியே. குனிந்து காதருகில் போனாள். உதடு அசைந்தது.

சத்தம் இல்லை. வெட்டியிருந்தார்கள். அந்த வார்த்தையை மட்டும் தனியாக எப்படி வெட்டமுடியும், வெட்டினால் எல்லாம் சேர்ந்துதான் போகும். அழுகை போய்விட்டது, காக்காய் கத்துகிறது போய்விட்டது, இட்லிச் சட்டி கொதிக்கிற சத்தம் போய்விட்டது. தியேட்டர் முழுக்கச் செவிடு. பின்வரிசைப் பையன்கள் நிரப்பவில்லை. ஒருத்தன்கூட நிரப்பவில்லை. அந்த வெறுமை அப்படியே நின்றது, ஒரு நொடிதான், டேங்க்குக்குள் தட்டுக்காகக் காத்திருக்கிற நொடி மாதிரி. இன்னும் அஞ்சு நிமிசம்மா என்று அவன் சொல்லவேண்டும். யாராவது சொல்லவேண்டும். இந்த இடத்தில் வெட்டினவன் எவன். எங்கே வெட்டவேண்டும் எங்கே வெட்டக்கூடாது என்று தெரியவேண்டாமா. பெற்றவள் மகனைக் கூப்பிடுகிறாள், அவளுக்குத் தெரிந்த ஒரே பெயர் அதுதான், அதைப் பிடுங்கிக்கொண்டால் அவள் எதைச் சொல்லி எழுப்புவாள், அவன் எதைக் கேட்டு எழுவான். விடு, அவள் கூப்பிடட்டும். காளியண்ணனுக்குக் கோபம் நெஞ்சை முட்டியது, முட்டி மேலே வந்தது, உதட்டில் வந்து நின்றது, உதடு அசைந்தது. அசைந்த பிறகுதான் அது எந்த வார்த்தைக்கு அசைந்தது என்று தெரிந்தது. சத்தம் வரவில்லை, அதுவரைக்கும் நல்லது. அழுகைச் சத்தம் திரும்பி வந்தது. கன்னம் ஈரமாக இருந்தது. துண்டால் துடைத்தார், மறுபடியும் ஈரமானது. பக்கத்தில் காக்கிச் சட்டை மூக்கை உறிஞ்சிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தான். நல்ல ஆள். விட்டு விட்டுக் கூப்பாடு போடுகிறார் மாமா, ஒன்றும் வேண்டாதபோதும் விட்டத்தைப் பார்த்து. வசந்தாமணி சொன்னது இப்போது மறுபடியும் காதில் விழுந்தது, போனில் விழுந்த மாதிரி இல்லை. விட்டு விட்டு. ஒரு பீடி குடிக்கிற நேரத்துக்கு ஒரு தடவை. அவன் திட்டவில்லை. கூப்பிடுகிறான். இத்தனை நாளாகக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். யாரும் தட்டவில்லை.

படம் முடியவில்லை, எழுந்துவிட்டார். இந்தத் தடவை முழங்கால் ஒன்றும் பேசவில்லை. காக்கிச் சட்டை காலை மடக்கி வழிவிட்டான். ரோட்டைக் கடக்கும்போது ஒரு டவுன் பஸ் ஹாரன் அடித்தது, டிரைவர் தலையை நீட்டி என்னவோ சொன்னான், சொல்லட்டும். வாட்ச்மேன் மணி பார்த்தான், விட்டான். லிப்டுக்குக் கூட்டம் நின்றது, படியில் ஏறினார். ஒவ்வொரு படியிலும் பயம் கூட வந்தது. ஒருவேளை அது வெறும் சத்தம்தானோ. டாக்டர் வரைந்த படத்தில் உள்ளதுதான் நிஜமோ. தப்பித்த ஒரு இடம், அதில் ஒரு வார்த்தை, ஆள் இல்லாத வீட்டில் குழாய் சொட்டுகிற மாதிரி. அவன் உள்ளே இருக்கிறானா. இத்தனை நாள் இவர் உள்ளே, அவன் வெளியே. இப்போது யார் உள்ளே, யார் வெளியே. மூன்றாவது மாடியில் கால் வைக்கும்போதே கேட்டது. நடைவழி முழுக்கக் கேட்டது. குரல் பாதியாகியிருந்தது, ஒரு பக்கம் இழுத்தது, ஆனால் அவன்தான். வலது கை ஒரு விரற்கடை எழும்பியது. எழும்பட்டும் என்று விட்டுவிட்டார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருத்தர், வயசான காலத்தில் வாயைப் பாருங்க என்று பொதுவாகச் சொன்னார். காளியண்ணன் அவரைப் பார்த்த பார்வையில் அவர் பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார்.

கதவைத் திறந்ததும் வசந்தாமணி எழுந்தாள். தலை வாராத கோலம், கண்ணெல்லாம் குழி. கட்டிலில் அந்த மலை பாதி கரைந்து கிடந்தது. முகம் ஒரு பக்கமாக இறங்கியிருந்தது, கண் மட்டும் விட்டத்தில். கதவுச் சத்தத்துக்குக் கண் திரும்பியது. காளியண்ணன் மேல் வந்து நின்றது. ஆளைத் தெரிகிறதா, தெரியவில்லையா, ஒன்றும் சொல்லமுடியவில்லை. வாய் கோணித் திறந்தது, அந்த வார்த்தை வந்தது. வசந்தாமணி ஓடிப்போய் அப்பன் வாயைக் கையால் பொத்தினாள். “அப்பா, காளியண்ணன் மாமாப்பா. வேண்டாம்ப்பா.” விரல்களுக்குள் அது இன்னும் வந்துகொண்டிருந்தது, சத்தம் வெட்டின மாதிரி.

“கையை எடும்மா” என்றார் காளியண்ணன். “அவன் என்னைத்தான் கூப்புடறான்.”

அவள் எடுத்தாள். கட்டிலுக்கு இரும்புக் கம்பி. கையில் சாவி இருந்தது, தியேட்டரிலிருந்து அதை விடவே இல்லை போலிருக்கிறது, உள்ளங்கையில் அதன் பல் பதிந்திருந்தது. கம்பியில் தட்டினார். ணங். ஒரு நொடி விட்டு இன்னொன்று. ணங்.

செங்கோடன் நிறுத்தினான். ரூமில் மின்விசிறிச் சத்தம் மட்டும். கண் இவர் முகத்திலிருந்து சாவிக்கு வந்தது, சாவியிலிருந்து முகத்துக்குப் போனது. மறுபடியும் வாய் திறந்தது. அதே வார்த்தைதான், ஆனால் சின்னதாக, ஆள் இருக்கிறானா என்று கதவிடுக்கில் கேட்கிற மாதிரி. காளியண்ணன் மறுபடியும் இரண்டு தட்டினார். வசந்தாமணி ஒன்றும் புரியாமல் இருவரையும் பார்த்துக்கொண்டு நின்றாள். இதுவரைக்கும் விட்டு விட்டு வந்துகொண்டே இருந்ததே, எங்கே என்று அவள் காத்திருப்பது தெரிந்தது. வரவில்லை. செங்கோடன் கண்ணை மூடினான். வராத வலது கை பக்கத்தில் கிடந்தது. இடது கை மட்டும் போர்வையை விட்டு மெதுவாகக் கிளம்பி, நெஞ்சு மேல் ஏறி, கழுத்தைத் தாண்டி, முகத்தைச் சுற்றிக்கொண்டு போய் வலது காதுக்குப் பின்னால் தடவியது. அங்கே பீடி இல்லை. விரல் மறுபடியும் தேடியது.

காளியண்ணன் ஸ்டூலைக் காலால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“நாளைக்குக் கொண்டாறேன்” என்றார்.